கடலடிக் கிணற்றுக்கு உறை இட்ட நாள்

அவைக்கு அழகு சேர்த்து நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் ஜனாப் ஸஹாப்தீன் அவர்களே! பூசை முடிந்த கையோடு சைக்கிளில் ஏறி, வியர்வை துடைக்கவும் நேரமின்றி வந்தமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! கிண்ணியாவிலிருந்து பாதைப் படகு ஏறி, மூதூரிலிருந்து லோஞ்சு ஏறி, முழங்கால் வலியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் மூத்தோர்களே! இறக்கக்கண்டியிலிருந்து ஒரு லொறி நிறைய வந்து, இந்த உப்புவெளி மணலையே நிறைத்துவிட்ட உழைக்கும் அன்னையர்களே! துறைமுகத்தின் தோள்களே, தோழர்களே! கதிரை கிடைக்காமல் வள்ளங்களின் விளிம்பில் ஏறி இருக்கும் இளவல்களே! உங்கள் எல்லோரையும் நெஞ்சாரக் கும்பிட்டு நிற்கிறேன் நான், இராஜநாயகம்.

துறைமுகத்திலே சரக்கு ஏற்றி இறக்கும் மேற்பார்வையாளன் நான். எந்த மூட்டை எந்தக் கப்பலில் ஏறவேண்டும் என்று சத்தமிட்டுச் சத்தமிட்டே இந்தத் தொண்டை இப்படி ஆனது. ஆகையால் ஒலிவாங்கி நின்று போனாலும் பயப்படாதீர்கள். உங்கள் கடைசி வரிசைக்கு மட்டுமல்ல, கடலுக்கும் கேட்கும்!

என்ன அம்மா? கேட்கிறதா? கேட்கிறது என்று கையைக் காட்டுகிறார்கள். நல்லது.

இன்று இந்த மேடையிலே மூன்று பேருக்கு மாலை சூட்டப் போகிறோம். ஒருவர் கிண்ணியாவின் மைந்தர், பொறியியலாளர் ஜெமீல். ஒருவர் இறக்கக்கண்டி மீனவர் சங்கத்தின் தலைவர் பற்றிக். மற்றவர் மீன்காரப் பெண்களின் சங்கத்தை இரும்பாகக் கட்டி வைத்திருக்கும் திரேசம்மா அக்கா. சென்ற வருடம் ஐப்பசிக்கு முன் இந்த மூவரையும் ஒரே மேடையில் இருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மேடை உடைந்திருக்கும்! சிரிக்கிறீர்கள். பற்றிக்கைப் பாருங்கள், அவரும் சிரிக்கிறார். உடைந்திருக்காதா அண்ணே? ஓம் என்கிறார், ஓம் என்கிறார்!

அந்த மூவரும் எப்படி ஒன்றானார்கள்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

தோழர்களே! சென்ற வருடம், நமது வடகடலிலே, கரை கண்ணுக்கு மறையும் தூரத்திலே, ஓர் இரும்பு மேடை வந்து நின்றது. மூன்று கால் ஊன்றி நின்றது. மிதக்கவில்லை, நின்றது! கடலடி மண்ணிலே காலை ஊன்றி, அலைக்கு மேலே உடலைத் தூக்கி, நடுக்கடலில் ஒரு நாரை நிற்பது போல நின்றது. எதற்கு வந்தது? எண்ணெய்க்கு வந்தது. பாறையைத் துளைத்துப் பாதாளத்தைப் பார்க்க வந்தது.

ஊரெல்லாம் ஒரே கதை. தேநீர்க் கடையிலே கதை, சலூனிலே கதை, லிங்கநகர் பஸ் தரிப்பிலே கதை. “இனி என்ன, மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் கடையிலே வரிசை இல்லை, வீட்டுக்கு வீடு குழாய்தான்!” என்று சொல்லாதவர் யார்? நானும் சொன்னேன். துறைமுகத்துக்கு வேலை வந்தது. குழாய் வந்தது, சீமெந்து வந்தது, சேற்றுக்குழம்புக்குக் கனம் கூட்டும் பாரத்தூள் வந்தது. எல்லாவற்றையும் நாங்கள் ஏற்றினோம். நம் எல்லோருக்கும் அண்ணனான ஆதம்பாவா காக்காவின் சரக்குப் படகு அவற்றை மேடைக்குக் கொண்டு போனது.

ஆனால் இறக்கக்கண்டி சிரித்ததா? இல்லை. உப்புவெளி சிரித்ததா? இல்லை. கடலை நம்பி உலை வைக்கும் வீடுகளிலே ஒரு கேள்வி உலையிலும் பெரிதாகக் கொதித்தது: அந்தத் துளை வெடித்தால்? அந்த எண்ணெய் கடலில் பரவினால்? வலையில் மீன் வருமா, தார் வருமா?

நியாயமான கேள்விதானே? கேட்க வேண்டிய கேள்விதானே? ஆனால் யாரும் விடை சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்த கனவான் ஒருவர், “அதெல்லாம் உங்களுக்கு விளங்காது” என்றார். சகோதரர்களே, ஒரு மீனவனைப் பார்த்து, அவனுடைய கடலைப் பற்றி, உனக்கு விளங்காது என்று சொல்லலாமா? சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த கிழமை இறக்கக்கண்டியும் உப்புவெளியும் திரண்டு வந்து துறைமுக வாயிலில் அமர்ந்தன. முன்வரிசையில் திரேசம்மா அக்கா. மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் அரசியார் சிம்மாசனத்தில் அமர்ந்தது போல் அமர்ந்தார். “இந்த வாசலாலே ஒரு குழாயும் போகாது, ஒரு மூட்டையும் போகாது” என்றார். என் தொழிலாளர்கள்? அவர்களும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தானே! வாயிலைத் தாண்டமாட்டோம் என்று வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே பாரம் தூக்கும் கிறேன் தூங்கியது. படகு தூங்கியது. நான் மட்டும் ஆளில்லாக் களஞ்சியத்தில் விழித்திருந்தேன்.

இங்கே சற்று நில்லுங்கள். கதையை நிறுத்தி ஒரு விடயம் சொல்லவேண்டும். எண்ணெய்க் கிணறு என்றால் என்ன? அறியாமல் கேட்டால் கதை விளங்காது.

நமது மணலிலே கிணறு வெட்டுகிறோம். வெட்டியபடியே விட்டால் என்ன நடக்கும்? மணல் சரியும், குழி மூடும். அதனால் என்ன செய்கிறோம்? உறை இறக்குகிறோம். சீமெந்து வளையத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குகிறோம். மண் வெளியே நிற்கிறது, தண்ணீர் உள்ளே ஊறுகிறது. எண்ணெய்க் கிணற்றுக்கும் உறை உண்டு, தோழர்களே! அது இரும்பு உறை. முதலில் அகலமாகத் துளைத்து, அகலமான இரும்புக் குழாயை இறக்குவார்கள். பிறகு அதற்குள்ளாலே இன்னும் ஆழத் துளைத்து, அதைவிட ஒடுங்கிய குழாயை இறக்குவார்கள். பிறகு அதற்குள்ளே இன்னொன்று. தொலைநோக்கிக் குழாயை இழுத்து நீட்டிய மாதிரி, கீழே போகப் போக ஒடுங்கும்.

குழாயை இறக்கினால் போதுமா? போதாது! குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அதை என்ன செய்வது? சும்மா விட்டால், கீழே அடைபட்டுக் கிடக்கும் வாயு, கள்ளன் வீட்டுப் பின்கோடியால் வருவது போல, குழாயின் வெளிப்பக்கத்தால் மேலே ஏறும். அதை அடைக்கத்தான் சீமெந்து. எப்படி அடைப்பது? மேலிருந்து இடைவெளிக்குள் ஊற்றவா? இல்லை! குழாயின் உள்ளே சீமெந்துக் குழம்பை அனுப்பி, அதன் தலைக்கு மேல் ஒரு ரப்பர் அடைப்பானை வைத்து, அதையும் மேலிருந்து அமுக்கித் தள்ளுவார்கள். குழம்பு அடிவரை போய், குழாயின் நுனியால் வெளியேறி, புறத்தே திரும்பி, இடைவெளியை நிறைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும். ஏறி, இறுகி, கல்லாகும். பாறையும் இரும்பும் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான், அந்தப் பிடி நல்ல பிடியா என்று அழுத்திப் பார்த்த பிறகுதான், மேற்கொண்டு ஓர் அங்குலம் துளைக்கலாம். விளங்கிற்றா?

விளங்கிற்று என்கிறீர்கள். பார்த்தீர்களா, கொழும்புக் கனவானே!

இப்போது கதைக்கு வாருங்கள். வாயிலில் மறியல் நடக்கும் மூன்றாம் நாள் காலை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வானம் கருக்கிறது. என் அறையிலே இருந்த வயர்லஸ் கரகரத்தது. மேடையிலிருந்து ஜெமீல் பேசுகிறார். எப்போதும் “எப்பிடி இராஜநாயகம் ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று தொடங்குகிற பிள்ளை, அன்று அப்படித் தொடங்கவில்லை.

“ஐயா, நேத்து இறக்கின உறைக்குச் சீமெந்து போட்டம். பாதிச் சீமெந்து பாறை வெடிப்புக்குள்ள போயிட்டு. மேல ஏறல்ல. இப்ப உறைக்கு வெளிப்பக்கத்தால வாயு வருது.”

“அடைக்கேலாதோ தம்பி?”

“அடைக்கலாம். ஆனா எங்கட்டச் சீமெந்து இல்ல. பாரத்தூளும் முடியிற நிலை. மேல வால்வைப் பூட்டி வச்சிருக்கம். பூட்டிப் பூட்டி அழுத்தம் ஏறுது ஐயா. கனக்க ஏறினா, மேல் உறைக்குக் கீழ இருக்கிற பலமில்லாத இளம் பாறை பிளந்திரும்.”

“பிளந்தா?”

ஜெமீல் சொன்னார்: “வாயு கடலடியால பொங்கும். மேடை ஊண்டியிருக்கிற மண் இளகும். மேடை சரியும். ஒரு பொறி பட்டாப் போதும். கடலும் போகும், நாங்களும் போவம்.”

அன்னையர்களே, அந்த மேடையிலே எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அதிலே நமது மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! சமையலுக்குப் போனவர், வெல்டிங் வேலைக்குப் போனவர், குழாய் தூக்கப் போனவர். சீமெந்தும் பாரத்தூளும் எங்கே? என் களஞ்சியத்தில். படகு எங்கே? துறையில் இருந்தது. ஆட்கள் எங்கே? வாயிலுக்கு வெளியே!

நான் ஓடினேன். இந்த உடம்போடு ஓடினேன்! வாயிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜெமீல் சொன்னது அத்தனையும் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் பற்றிக் எழுந்தார்.

“ஐயா, இது உங்கட துரைமார் கட்டின கதை. மறியலை உடைக்க ஒரு விளையாட்டு. இண்டைக்குச் சீமெந்து எண்டுவியள், நாளைக்குத் திரும்பவும் குழாய் எண்டுவியள்.”

கூட்டம் கொந்தளித்தது. “ஓம், ஓம்! பொய்!” என்றது. அப்போதுதான் கவிழ்த்த கூடையை விட்டு எழுந்தார் திரேசம்மா அக்கா. என்னை நேரே பார்த்தார். அந்தப் பார்வையிருக்கிறதே, அதன் முன்னே பொய் சொல்ல எவனாலும் ஏலாது!

“இராஜநாயகம், ஒரு கேள்வி. மறைக்காமல் சொல்லு. இந்தச் சீமெந்து குழியைக் கிண்டப் போகுதோ, மூடப் போகுதோ?”

“மூடப் போகுது அக்கா.”

“அது வெடிச்சால், நாங்கள் இதிலை குந்தியிருந்து ஆருடைய கடலைக் காக்கிறம்?”

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“கேட்டியளோ? குழாய் போக விடமாட்டம் எண்டு வந்தம். அது இப்பவும் அப்பிடித்தான். ஆனால் வாயை அடைக்கிற சீமெந்தை மறிச்சுப்போட்டு நாளைக்கு எந்தக் கடலிலை வலை போடுவியள்? எழும்புங்கோ!”

பற்றிக் இன்னும் அசையவில்லை. “அக்கா, அவங்கள் உண்மையிலை மூடுறாங்களோ எண்டு ஆர் பாக்கிறது?”

“நீ பார்” என்றார் அக்கா. “போட்டிலை ஏறிப் போ. கண்ணாலை பாத்திட்டு வந்து சொல்லு.”

அவ்வளவுதான், அவையோரே, அவ்வளவுதான்! வாயில் திறந்தது. மறிக்க வந்த கைகள் மூட்டை தூக்கின! கிறேன்காரர் கிறேனுக்கு ஓடினார். கிறேனுக்குக் காத்திராமல் ஆண்கள் தோளில் சுமந்தார்கள். பெண்கள் இரண்டு பேராய் ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். களஞ்சியத்திலிருந்து படகுவரை வரிசை. சீமெந்துத் தூள் பறந்து எல்லோர் தலையும் நரைத்தது. யார் இளையவர், யார் முதியவர் என்று தெரியவில்லை. யார் வேதக்காரர், யார் இஸ்லாமியர், யார் சைவர் என்று தெரிந்ததா? எல்லோரும் ஒரே சாம்பல் நிறம்!

அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது. சீமெந்தில் தண்ணீர் பட்டால்? படகிலேயே கல்லாகிவிடும்! என்னிடம் இருந்த தார்ப்பாய் பாதிக்குத்தான் போதும். நான் தலையில் கை வைத்து நிற்கிறேன். பற்றிக் திரும்பி ஓடினார். கரையில் கட்டியிருந்த தன்னுடைய வள்ளத்தின் பாயை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். காற்றுப் பிடிக்க வைத்திருந்த பாய்களெல்லாம் மூட்டைகளுக்குப் போர்வையாயின. பாயில்லாமல் எப்படிக் கடலுக்குப் போவது என்று ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை.

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அந்தக் கைகள் இங்கேதான் இருக்கின்றன. உங்களுக்கு நீங்களே தட்டுங்கள்!

பகலுணவு வேளைக்கு முன்பே படகு புறப்பட்டது. சுக்கானில் ஆதம்பாவா காக்கா. படகின் முன்முனையான அணியத்தில் பற்றிக். நடுவிலே, கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி, நான். நான் ஏன் போனேன்? சரக்கைக் கையளிக்க வேண்டியவன் நான், போகாமல் முடியுமா? ஆனால் துறைமுகத்து வாயைத் தாண்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, மேற்பார்வையாளன் என்பவன் கரைக்குத்தான் பொருத்தமானவன் என்று! அலையா அது? கோணேசர் மலையே எழுந்து குனிந்து வந்தது போல வந்தது. படகு ஏறும்போது வானத்தைப் பார்த்தேன். இறங்கும்போது என் காலை உணவைப் பார்த்தேன்!

சிரியுங்கள். ஆதம்பாவா காக்காவும் அன்று சிரித்தார். “ஐயா, வாய மூடிக்கிட்டு தூரத்தப் பாருங்க. கிட்டப் பாத்தாத் தல சுத்தும்” என்றார். நான் கேட்டேன், “காக்கா, போய்ச் சேருவமோ?” அவர் சுக்கானை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “என்ட மருமகன் அங்க குசினியில சமைக்க நிக்கிறான். சேராம எப்பிடி?”

பாதி வழியிலே ஒரு பேரலை குறுக்கே அடித்தது. மூட்டைகளை மூடியிருந்த பாய்களிலே ஒன்று கயிறு அறுந்து பறக்க எழும்பியது. அது பறந்தால் அடுத்த அலை சீமெந்துக்குள்! பற்றிக் பாய்ந்தார். கயிறு கட்ட நேரமில்லை. தானே பாயின் மேல் விழுந்து, இரு கையையும் விரித்து, நெஞ்சால் அழுத்திக்கொண்டு கிடந்தார். அலை அவர் முதுகில் அடித்தது. எழுந்தாரா? இல்லை. அடுத்த அலை அடித்தது. எழவில்லை! நானும் தவழ்ந்து போய் மறு நுனியில் விழுந்தேன். அப்படியே கிடந்தோம், மேடை கண்ணில் படும்வரை. அந்த மேடையை அது வந்த நாள் முதல் வெறுத்த மனிதர், அதற்குப் போகும் மூட்டையைத் தன் மார்பால் காத்துக்கொண்டு கிடந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “என்ன பாக்கிறியள்? என்ர பாயைத்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்!”

மேடையில் ஏறினோம். நடந்து ஏறவில்லை, மூட்டைகளைப் போலவே எங்களையும் கயிற்றுக் கூடையில் வைத்துக் கிறேனால் தூக்கினார்கள். அந்தக் கூடையிலே நான் எல்லா மதத்துக் கடவுளரையும் ஒருவர் விடாமல் அழைத்தேன்.

மேலே ஜெமீல் நின்றார். கண் சிவந்திருந்தது. அவர் பக்கத்தில் துளையிடலுக்குப் பொறுப்பான ஹான்சன் என்ற வெளிநாட்டார். இருவர் கண்ணும் ஒரே இடத்தில். எங்கே? அழுத்தம் காட்டும் மானியில். முள் ஏறிக்கொண்டிருந்தது. நத்தை ஏறுவது போல. ஆனால் ஏறிக்கொண்டிருந்தது!

ஹான்சன் ஒலிபெருக்கியில் கட்டளையிட்டார்: வேலைக்குத் தேவையானவர்கள் மட்டும் நிற்க வேண்டும், மற்ற எல்லோரும் படகில் இறங்க வேண்டும். சமையற்காரர் இறங்கினார், ஆதம்பாவா காக்காவின் மருமகன் இறங்கினார், குழாய் தூக்குவோர் இறங்கினார்கள். எங்களையும் இறங்கச் சொன்னார்கள். பற்றிக் ஜெமீலிடம் போனார்.

“தம்பி, உன்னை எனக்குத் தெரியாது. உன்ர வேலையும் எனக்குப் பிடிக்காது. நான் பாக்க வந்தனான். பாக்காமல் இறங்கமாட்டன்.”

ஜெமீல் கலவைத் தொட்டியைக் காட்டினார். “அண்ணே, நின்டா சும்மா நிக்க ஏலாது. குழம்பு கலக்கத் தொடங்கினா நடுவுல நிறுத்த ஏலாது. நிறுத்தினாக் குழாய்க்குள்ளயே இறுகிரும். தொட்டிக்கு மூட்டை வெட்டிக் கொட்ட ஆள் காணாது. செய்வீங்களா?”

“கத்தி இருக்கு” என்றார் பற்றிக். மீன் வெட்டும் கத்தி, இடுப்பிலே இருந்தது. நானும் அவரோடு நின்றேன்.

எப்படி அடைப்பது என்பதில் அங்கே ஒரு வாக்குவாதம். ஹான்சன் சொன்னார், வேகமாகத் தள்ளுவோம், நேரமில்லை என்று. ஜெமீல் சொன்னார், வேகமாகத் தள்ளினால் அந்தத் தள்ளலே இளம் பாறையைப் பிளந்துவிடும், மெதுவாகத் தள்ளுவோம் என்று. மெதுவாகத் தள்ளினால் குழம்பு வழியிலேயே இறுகிவிடாதா என்றார் ஹான்சன். இரண்டும் உண்மை, தோழர்களே! இரண்டு பக்கமும் பள்ளம், நடுவே ஒற்றையடிப் பாதை. இருவரும் கரும்பலகையில் ஏதோ எழுதினார்கள், அழித்தார்கள், எழுதினார்கள். கடைசியில் ஹான்சன் ஜெமீலின் தோளில் கை வைத்தார். “பம்பு உங்கள் கையில்” என்றார்.

முதலில் பாரத்தூள் கலந்த சேற்றுக்குழம்பைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். அந்தப் பாரம் வாயுவின் தலையில் உட்கார்ந்தது. பிறகு, உறைக்குள்ளே, சீமெந்து எட்டாத அந்த ஆழத்தில், சிறு வெடிகளால் இரும்பில் துளையிட்டார்கள். மேலே எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. காலடியில் ஒரு சிறு நடுக்கம், அவ்வளவுதான். அந்தத் துளைகளின் வழியாகத்தான் இனிச் சீமெந்து வெளியே போய் இடைவெளியை அடைக்க வேண்டும்.

ஜெமீல் கையை உயர்த்தினார். பம்பு உறுமியது. கலக்கத் தொடங்கிவிட்டது!

வெட்டு! கொட்டு! வெட்டு! கொட்டு! பற்றிக் வெட்டுகிறார், நான் கவிழ்க்கிறேன். மேல்மூச்சு வாங்குகிறது, மூக்கெல்லாம் சீமெந்து. மழையும் வந்துவிட்டது. மேடையிலிருந்த இரண்டு பேர் பற்றிக்கின் பாயை எங்கள் தலைக்கு மேல் பந்தலாகப் பிடித்தார்கள். ஜெமீலின் ஒரு கை பம்பின் பிடியில், கண் முள்ளில். முள் ஏறுகிறது. கையைத் தளர்த்துகிறார். முள் நிற்கிறது. மெல்லத் தள்ளுகிறார். மறுபடி ஏறுகிறது. ஹான்சனின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. இளம் பாறை தாங்கும் எல்லைக்கு ஒரு சிவப்புக் கோடு கீறியிருந்தார்கள். முள் அந்தக் கோட்டைத் தொட்டது.

தொட்டது, தாய்மாரே! நான் மூட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“நிக்காதீங்க ஐயா, கொட்டுங்க!” என்று கத்தினார் ஜெமீல். அந்தப் பிள்ளை என்னிடம் குரலை உயர்த்தியது அன்று ஒரு முறைதான். கொட்டினேன். பற்றிக் வெட்டினார். கடைசி மூட்டை போனது. ஜெமீல் பம்பின் பிடியை மயிரிழை மயிரிழையாகத் தள்ளினார். முள் கோட்டின் மேலேயே நடுங்கியது. நடுங்கி, நடுங்கி, பின்பு... இறங்கியது! ஒருவாறு இறங்கியது. சீமெந்து இடைவெளிக்குள் புகுந்துவிட்டது!

ஆரவாரம் செய்தோமா? இல்லை. இன்னும் இறுகவில்லையே! குழம்பு கல்லாகும்வரை காத்திருக்க வேண்டும். கலக்கியதிலே கொஞ்சத்தை ஒரு தகரக் குவளையில் எடுத்து வைத்திருந்தார் ஜெமீல். அது இறுகினால் உள்ளேயும் இறுகுகிறது என்று கணக்கு. அந்தக் குவளையைப் பற்றிக் மடியில் வைத்துக்கொண்டு, படியில் அமர்ந்தார். பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். “களி” என்பார். ஜெமீல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார், பக்கத்தில் அமர்ந்தார். அங்கேதான், அந்தப் படியில்தான், முதன்முதலாக ஒரு மீனவர் கேட்டார், ஒரு பொறியியலாளர் விடை சொன்னார்.

“தம்பி, இதை ஏன் முதலே ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லயில்லை?”

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் அண்ணே.”

“கேட்டனாங்கள். உங்களுக்கு விளங்காது எண்டவங்கள்.”

ஜெமீல் தலை குனிந்தார். பிறகு உறையைப் பற்றி, சீமெந்தைப் பற்றி, வால்வைப் பற்றி, எது எப்படிப் பிழைக்கும் என்பதையும் மறைக்காமல், எல்லாம் சொன்னார். நான் உங்களுக்குச் சற்று முன் சொன்னது அத்தனையும் அந்தப் படியில் கேட்டதுதான்.

விடிந்தது. பற்றிக் பெருவிரலை வைத்து அமுக்கினார். அமுங்கவில்லை. குவளையைத் தரையில் தட்டினார். டங் என்றது! “கல்லாப் போச்சு!” என்று கத்தினார். ஹான்சன் வால்வை மெல்லத் திறந்து பார்த்தார். வெளிப்பக்கத்தில் வாயு இல்லை. மறுபடி பூட்டி அழுத்திச் சோதித்தார்கள். முள் வைத்த இடத்தில் நின்றது. ஆணி அடித்தது போல நின்றது! அப்போது செய்தோம் ஆரவாரம்! ஹான்சன் என்னைத் தூக்கினார், நம்புவீர்களா, என்னைத் தூக்கினார்! பற்றிக்கும் ஜெமீலும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்றார்கள். சீமெந்துத் தூளில் எது எவருடைய கை என்று தெரியவில்லை.

என்ன? பின்னால் ஒரு தம்பி எழுந்து கேட்கிறார்: “எண்ணெய் எங்கே?” நல்ல கேள்வி. இருங்கள், சொல்கிறேன்.

அதன் பிறகு இன்னும் ஆழம் போனார்கள், பார்த்தார்கள். எண்ணெய் இல்லை. எடுக்கத்தக்க அளவுக்கு இல்லை. கிணற்றுக்குள்ளே அடுக்கடுக்காகச் சீமெந்து அடைப்பு வைத்து, அதை நிரந்தரமாக மூடி, கார்த்திகையிலே அந்த இரும்பு நாரை காலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் தோற்றோமா? ஒன்றும் கிடைக்கவில்லையா? கிடைத்தது, தம்பி! எண்பது பேரின் உயிர் கிடைத்தது. மார்கழியில் இறக்கக்கண்டிக் கரைவலையில் மீன் கிடைத்தது. அந்த மீனில் தார் வாடை இல்லை. அதற்கும் மேலே ஒன்று கிடைத்தது. என்ன அது?

மேடை போகுமுன் துறைமுகத்திலே ஒரு கூட்டம் நடந்தது. மீனவர் சங்கமும் துறைமுகத் தொழிலாளரும் ஒரு பக்கம், கம்பனிக்காரர் மறுபக்கம். ஜெமீல் எந்தப் பக்கம் அமர்வார்? எல்லோரும் பார்த்தோம். அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பற்றிக்கின் அருகே போட்டு அமர்ந்தார்! “நான் போட்ட உறையில பிழை வந்திச்சு. பிழை வரும். வந்தா அடைக்கிற சாமான் கையில இருக்கணும், பிழையைப் பாக்கிற கண்ணும் பக்கத்துல இருக்கணும்” என்றார். தன் முதலாளிகளின் முகத்துக்கு முன்னே சொன்னார்! ஹான்சன் அதை ஆமோதித்தார். அன்று இரண்டு விடயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. இனி இந்தக் கடலில் ஒரு கிணறு துளைப்பதானால், அதை அடைக்கத் தேவையான சீமெந்து முதலில் மேடையில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் துளை. ஒவ்வோர் உறையையும் அழுத்திச் சோதிக்கும்போது மீனவர் சங்கத்தின் ஆள் ஒருவர் அந்த முள்ளின் முன்னே நிற்க வேண்டும்; அவர் பார்க்காமல் மேற்கொண்டு துளைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஊற்று வேறென்ன ஊறப் போகிறது? “உங்களுக்கு விளங்காது” என்ற வாயை, “வந்து பாருங்கள்” என்று சொல்ல வைத்தோமே, இது சிறிய காரியமா? நம்மை நம்பாதவன் நமக்குச் சொல்லவில்லை. நமக்குச் சொல்லாதவனை நாம் நம்பவில்லை. அந்த இடைவெளியில்தானே இத்தனை காலமும் நச்சுவாயு ஏறியது! அதை அடைத்தவர்கள் யார்? கூடையைக் கவிழ்த்து அமர்ந்த ஒரு பெண். பாயை அவிழ்த்த ஒரு மீனவர். முள்ளை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு பொறியியலாளர். அவர்களோடு சாம்பல் பூசி நின்ற நீங்கள்!

சகோதரரே, சகோதரிகளே! அடுத்த மேடை சோளகக் காற்று தணிந்ததும் வருகிறதாம். அதிலே மீனவர் சங்கத்தின் சார்பில் முள்ளின் முன்னே நிற்பவர் யார் என்று நேற்றுத் தீர்மானம் ஆயிற்று. பற்றிக் தன் பெயரைச் சொல்லவில்லை. எழுந்து நின்று, “என்னை அனுப்பினவ போகட்டும்” என்றார். ஆகவே போகப்போகிறவர் திரேசம்மா அக்கா! நான் அவரிடம் கேட்டேன், “அக்கா, அங்கே பெரிய பெரிய ஆக்கள், விளங்காத பாஷை, என்ன செய்வியள்?” அவர் சொன்ன பதிலைச் சொல்லி அமர்கிறேன்.

“விளங்கும்வரைக்கும் கேப்பன். விளங்கினாப் பிறகுதான் ஓம் சொல்லுவன்.”

மாலைகளை எடுத்து வாருங்கள்! பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், இப்போது விழும் தூறலிலும் கலையாத தாய்மாருக்கும், ஒலிவாங்கியைத் தந்துவிட்டு, என் சத்தத்தில் அது உடையுமோ என்று நெஞ்சிடியோடு நின்ற தம்பிக்கும் என் நன்றி. உங்கள் கடல் நலமாக இருக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். வணக்கம் சொல்லுவோருக்கு வணக்கம், ஸலாம் சொல்லுவோருக்கு ஸலாம், எல்லோருக்கும் என் அன்பு!